தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வராதே

என் ராசாத்தி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். நேற்று உன் மாமா வந்திருந்தார். நுவரெலியாவில் உன்னைப் பார்த்துவிட்டு, தன் ஊர் நல்லதண்ணிக்குத் திரும்பிப் போகிற வழியில் நம் லயத்து வீட்டில் இறங்கி, உன் பெருமையை வாய் நிறையப் பேசினார். "சும்மா சொல்லக் கூடாது தங்கச்சி, ஒன் மக கலகலன்னு இருக்கா. ஒரு நிமிஷம் ஒக்கார மாட்டேங்கறா. அந்தக் குளிர்ல நாங்க எல்லாம் கம்பளிய சுத்திக்கிட்டு நடுங்குறோம், அவ ஜன்னலத் தொறந்து வச்சிக்கிட்டு முந்தானையால விசிறிக்கிறா. ரெண்டு ஆளு சோறு திங்கிறா. மாத்திரையெல்லாம் விட்டுட்டாளாம். நல்லா தேறிட்டாளாம்" என்றார். உன் அப்பாவும் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஜன்னல் என்ற சொல் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "புள்ள மெலிஞ்சிருக்காளாண்ணே?" என்று கேட்டேன். "மொகம் கொஞ்சம் ஒட்டித்தான் இருக்கு. வயித்துல இருக்கிறது எல்லாத்தையும் இழுத்துக்குது போல" என்றார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வாடகைக் கார் பிடித்து வந்து, உனக்கு வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே கொண்டுவந்து விடுவதாக மாமா ஏற்பாடு செய்திருக்கிறார். தாய்மாமன் முறை அது. அத்தை வளையலும் வாங்கிவிட்டாளாம், பச்சையும் சிவப்புமாக. ராசாத்தி, நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். கோபம் வந்தாலும் கேள். இந்த நோய்க்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். நீ இங்கே வராதே. பெற்றவள் வீட்டுக் கதவு உனக்குச் சாத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே இரு. உலகத்தில் எந்தத் தாயும் மகளுக்கு இப்படி எழுதியிருக்க மாட்டாள். ஆனால் எழுதத்தான் வேண்டும்.

என் கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயசில் என் மடியில் படுத்துக்கொண்டு அதைத் தடவித் தடவிக் கேட்பாய். அட்டை கடித்தது என்று சொல்லிவைத்தேன். "எவ்வளவு பெரிய அட்டம்மா?" என்று கேட்டு விரலால் அளப்பாய். நாலாம் மாசம் உனக்கும் இதே நோய் என்று டாக்டர் சொன்னபோது, எனக்கும் இது இருந்தது, அறுத்தெடுத்தார்கள் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். இனி விட முடியாது.

நீ என் வயிற்றில் தங்கின புதிது. தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது விரல் நிற்காமல் ஆடியது. கொழுந்தோடு முற்றின இலையும் குச்சியும் சேர்ந்து வந்தது. கொழுந்தைச் சரிபார்க்கிற கண்டாக்கு ஐயா கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, மாட்டுக்குப் புல்லா புடுங்குற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் கம்பளிக்குள் ஒடுங்கி நிற்க, எனக்கு மட்டும் முதுகில் வேர்வை ஓடும். பசி என்றால் அப்படி ஒரு பசி. கூட நின்ற பெண்கள், "இவ வயித்துல புள்ளயா பகாசுரனா?" என்று கேலி பண்ணுவார்கள். தின்றது எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. நெஞ்சு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மலை ஏறினவள் நெஞ்சு போல அடித்தது. கோபமோ கேட்கவே வேண்டாம். ஒரு நாள் உன் அப்பாவின் மேல் ரொட்டிச் சட்டியைத் தூக்கி எறிந்தேன். குறி தப்பிவிட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

என் கண் இரண்டும் வெளியே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நம் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே, உன் அப்பா பக்கத்தில் நிற்க, பெரிய டாக்டர் என் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து என் விரல்களின் மேல் பரப்பி வைத்தார். காகிதம் காற்றில்லாத அறையில் படபடவென்று ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. கழுத்தில் இருக்கிற ஒரு சுரப்பி தறிகெட்டு வேலை செய்கிறதாம், அதுதான் உடம்பை உள்ளுக்குள்ளேயே ஓட்டி ஓட்டிக் களைக்க வைக்கிறதாம். அதற்கு அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார். தமிழ் தெரிந்த நர்ஸ் அம்மா ஒருத்தர் டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னார்: "இத நீயா நிறுத்தவும் கூடாது, நீயா கூட்டவும் கூடாது. நிறுத்தினா ஒன் நெஞ்சு தாங்காது. கூட்டினா வயித்துல உள்ள புள்ளைக்குக் கழுத்து வீங்கும். மாசா மாசம் காட்டிக் காட்டித்தான் சாப்புடணும்."

சாப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கியது. வேர்வை நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஏழாம் மாசம் வளையல் போட்டுக்கொண்டு நின்றபோது, நோய் கண்டவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போது என் அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. அண்ணன் வீடுதான் தாய்வீடு. அண்ணன், அதாவது உன் மாமா, நல்லதண்ணிக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னை அழைத்துப்போக வந்தார். டிஸ்பென்சரி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியிலிருந்து வரவழைத்த மாத்திரையைப் பிரசவம் வரைக்கும் போதும்படி ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்துவிட்டு, "பிள்ளை, அங்க இந்த மருந்து கிடையாது கண்டீரோ. உம்மட பேர் பதியாத தோட்டத்தில ஒண்டும் தர மாட்டினம். இதைக் கவனமா வச்சிரும்" என்றார். உன் அப்பா அந்தப் போத்தலைத் தன் துண்டில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தார்.

அண்ணி, அதுதான் உன் அத்தை, என்னைத் தங்கமாகத் தாங்கினாள். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவள் லயத்தில் கழுத்து வீங்கின பெண்கள் பல பேர் இருந்தார்கள். அந்தப் பக்கம் அது சாதாரணம். முன்கழுத்தில் ஒரு கட்டி இருக்கும், நோவு நொடி கிடையாது, அதோடேயே கிழவியாகி விடுவார்கள். நான் கழுத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று எப்படியோ பரவிவிட்டது. பக்கத்து அறையில் குடியிருந்த காம்பராக்காரி வந்து வாசலில் நின்று, "எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா" என்று கேட்டாள். லயத்தில் உனக்குத் தெரியாததா? உப்புக் கேட்டால் உப்பு, நெருப்புக் கேட்டால் நெருப்பு. ஒரு சுவர்தானே நடுவில்? ஒருத்தி வீட்டில் இருக்கிற பொருளை இன்னொருத்தி கேட்டு இல்லையென்று சொன்னால், அவளுக்குச் சாவுக்குக்கூட ஆள் வராது. அண்ணி போத்தலைத் திறந்து கொடுத்தாள். அப்புறம் அடுத்த காம்பராக்காரி வந்தாள். அப்புறம் மேல் லயத்திலிருந்து வந்தார்கள்.

"அண்ணி, அது எனக்குப் பத்தாம போயிடும்" என்றேன். "நீதான் தேறிட்டியே. வாயும் வயிறுமா இருக்கிறவளுக்குச் சூட்டு மருந்து எதுக்கு? இதுங்க பாவம், எந்தத் தொரை இதுங்களக் கண்டிக்கு அனுப்பப்போறான்?" என்றாள். அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவள் வாசலில் வைத்து நான் எப்படி மறுப்பேன்? எனக்கும் நான் தேறிவிட்டதாகத்தான் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் நல்ல முகம். ராசாத்தி, அந்த முகத்தைக் கொடுத்தது மாத்திரை. போத்தல் காலியானதும் முகமும் போய்விட்டது. அந்தப் பெண்களுக்காவது நல்லது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் கட்டி வேறு, என் நோய் வேறு. பக்கத்துக் காம்பராக்காரிக்குக் கழுத்து முன்னைவிடப் பெருத்தது. அதற்கும் அவள் என்னைத்தான் முறைத்தாள்.

முதலில் தூக்கம் போனது. அடுத்தது வேர்வை வந்தது. நான் ஓடி ஓடி வேலை செய்தேன், லயத்து வாசலைக் கழுவினேன், கழுவினதையே திரும்பவும் கழுவினேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி சுறுசுறுப்பாக இருந்தால் பிரசவம் சுகமாக ஆகும் என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நேற்று உன்னைப் பற்றிச் சொன்னாரே, அதே குரலில்தான் சொன்னார். அதனால்தான் நீ மெலிந்திருக்கிறாயா என்று கேட்டேன். காகிதத்தை என் விரலில் வைத்துப் பார்க்க அங்கே ஒரு டாக்டரும் இல்லை. நானே ஒரு தேயிலை இலையைப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். கீழே விழுந்துவிட்டது. அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். என் பேர் அங்கே இல்லை, அந்த மாத்திரையும் அங்கே இல்லை. தலைவலி மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

நம் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் அது சிவனொளிபாத மலைக்குச் சனம் யாத்திரை ஏறுகிற காலம். எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. ஒரு லொறிக்காரரிடம் சொல்லிவிட்டோம். அவர் மூலமாக உன் அப்பாவுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் எனக்கு வலி வந்துவிட்டது. காலையில் வலி எடுத்து, வெயில் உச்சிக்கு வரும்போது நீ பிறந்தாய். மருத்துவச்சி உன்னைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு தீயாகக் கொதிக்க ஆரம்பித்தது. நெஞ்சு அடிக்கிறது என்று சொல்ல முடியாது, அது கூண்டுக்குள் மாட்டின குருவி. வாந்தி எடுத்தேன். ஏதேதோ உளறினேன். கங்காணியைப் பேர் சொல்லித் திட்டினேனாம். புடவையைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தேனாம். நாலு பெண்கள் பிடித்தும் அடங்கவில்லையாம். பிறந்த நீயோ கண்ணை மூடவில்லை. இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கத்தினாயாம். தாய்க்கும் பிள்ளைக்கும் முனி இறங்கிவிட்டது என்று முடிவு கட்டி, வாசலில் குங்குமத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு, என்னை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். மாமாவுக்கு இன்றைக்கும் அது முனிதான். முனி வந்தது, போய்விட்டது. அதனால்தான் ஜன்னலைத் திறந்து வைத்த உன்னைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தக் கதவைத் திறந்தது உன் அப்பா. வந்ததும் வராததுமாக எலுமிச்சம்பழத்தைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தாராம். அவர் ஒரு நாளும் சத்தம் போடாத மனுஷன், உனக்கே தெரியும். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்துவிட்டதாம். கொழுந்து லொறியில் சாக்கை விரித்து என்னைக் கிடத்தினார்கள். உன் அப்பா அலமாரியில் இருந்த மாத்திரைப் போத்தலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார், டாக்டரிடம் காட்டுவதற்கு. வழியெல்லாம் மலைக்குப் போகிற சனமும் பஸ்ஸும். லொறி நகர முடியாத இடங்களில் அவர் இறங்கி முன்னால் ஓடி, கையெடுத்துக் கும்பிட்டு, தெரிந்த சிங்களத்தில் வழிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனாராம். ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். உன் அப்பா போத்தலை நீட்டினார். டாக்டர் அதைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். உப்பு கொட்டியது. காலிப் போத்தல் வீணாகக் கிடக்கிறதே என்று அண்ணி அதைக் கழுவி உப்புப் போட்டு வைத்திருந்தாள்.

ஈரத் துணியால் சுற்றினார்கள், பாலில் ஏதோ கறுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் புகட்டினார்கள், மாத்திரையைக் கரைத்து ஊற்றினார்கள். பிழைப்பேன் என்று யாரும் உன் அப்பாவிடம் சொல்லவில்லையாம். பிழைத்தேன். உனக்கும் நெஞ்சு வேகமாக அடித்தது. எவ்வளவு பால் குடித்தாலும் எடை ஏறாமல், கண் மூடாமல் கிடந்தாய். என் ரத்தத்திலிருந்து உனக்கும் அது வந்திருக்கிறது, கொஞ்ச காலத்தில் தானாக அடங்கும் என்றார்கள். அடங்கியது. நீ தவழுகிற வயசில் கண்டியில் என் கழுத்தை அறுத்துக் கட்டியை எடுத்தார்கள். அதோடு என் குரலும் போய்விட்டது. நீ கேட்டதெல்லாம் இந்தக் கரகரத்த குரலைத்தான். உன்னைச் சுமப்பதற்கு முன்னால் நான் இந்த மலையில் பாடினால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். உனக்கு ஒரு தாலாட்டுக்கூட நான் பாடவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. உனக்குப் பிறகு பிள்ளை வேண்டாம் என்று உன் அப்பாதான் சொன்னார். எனக்கு ஆசையிருந்தது. அவருக்குப் பயம்.

இப்போது புரிகிறதா, ஏன் வராதே என்கிறேன் என்று? இங்கே தோட்டத்துப் பதிவில் உன் பேரை வெட்டிவிட்டார்கள், கல்யாணமானபோதே. அந்த மாத்திரை இங்கே டிஸ்பென்சரியில் இல்லை. ஹட்டனுக்குப் போக வேண்டும் என்றால் மழையில் ரோட்டு சரிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் போக வேண்டும். இங்கே நீ வந்தால் லயமே உன்னைக் கொண்டாடும். ஓடியாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டே உன்னைக் கொன்றுவிடுவார்கள். அங்கே நீ நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. உன் நெஞ்சையும் ரத்தத்தையும் மாசா மாசம் பார்த்த டாக்டர் அங்கே இருக்கிறார். மாத்திரையை நிறுத்தியதற்கு அவர் திட்டினால் வாங்கிக்கொள். மறைக்காதே. விட்டுப்போன மாத்திரையையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் விழுங்கிவிடாதே. எவ்வளவு என்று அவர் சொல்லட்டும். மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் கஷாயம் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதே, உடனே போய்க் காட்டு. பிரசவ அறையில் முதலில் வருகிற நர்ஸிடமே உன் நோயைச் சொல்லிவிடு. பிள்ளை பிறந்ததும் அதன் நெஞ்சையும் பார்க்கச் சொல். யார் வந்து கேட்டாலும் அந்தப் போத்தலைத் திறக்காதே. கஞ்சப்பிசினாறி என்று சொல்லட்டும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அத்தையின் மேல் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. அவள் கொடுத்துப் பழகின கை. வெள்ளிக்கிழமை அதே காரில் நானும் வருகிறேன். வளையலை அங்கேயே போடுகிறோம். பிரசவம் முடிந்து நீ எழுந்து நடக்கிற வரைக்கும் நான் அங்கேயேதான் இருப்பேன். மருமகன் வீட்டில் போய் மாமியார் உட்கார்ந்து தின்கிறாள் என்று பேசுவார்கள். மாமாவும் நேற்றே சொல்லிவிட்டார், "ஊரு சனம் காறித் துப்பும் தங்கச்சி" என்று. "துப்பட்டும்ணே, தொடச்சிக்கிறேன்" என்றேன். கோபத்தோடுதான் போனார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் உன் அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். இன்றைக்குப் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் கிளம்புகிறார். நானே வந்திருப்பேன், பஸ்ஸைப் பிடிக்க அந்த ரோட்டுப் படியெல்லாம் ஓடி ஏற என் நெஞ்சு இப்போது இடம் தராது. அவருக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. நான் எழுதியிருப்பதெல்லாம் அண்ணியும் மருத்துவச்சியும் லொறிக்காரரும் சொன்னது. உன்னிடமும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, உனக்கு எதிரில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கெளம்பும்மா" என்று அவர் எழுந்தால், ஏன் எதற்கு என்று கேட்காதே. மருமகன் கடையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதே. அடுப்பை அணைத்துவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது தலையை நிமிர்த்தி அவரைப் பார். அவர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். உன் கையில் இருக்கிற இந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா